ஒட்டினால் பாறை, ஒட்டாவிட்டால் அப்பளம்

போன வருஷம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு விபரீதம் நடந்தது. தரை லேசாகத் தேய்ந்து, அங்கங்கே ஜல்லி பல்லைக் காட்ட ஆரம்பித்திருந்தது. ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். 'மேலே ஒன்றரை இஞ்ச்சுக்கு ஒரு கோட்டிங் குடுத்துட்டா புதுசாயிடும் சார்' என்றார். ஒரே நாளில் போட்டும் முடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாவது மாதம், சித்திரை வெயிலில், அது அப்பளம் மாதிரி உப்ப ஆரம்பித்தது. காலால் தட்டினால் 'டொக் டொக்'. ஆறாவது மாதம் முக்கால்வாசியைக் கையாலேயே பெயர்த்து எடுத்துவிட்டேன். அடியில் பழைய தரை தூசியும் பாசியுமாக, ஒரு கீறல்கூட விழாமல், அப்படியே சாவகாசமாகப் படுத்திருந்தது!

அப்புறம் வேறொரு மேஸ்திரி வந்தார். வயதானவர். குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, 'கொத்தவே இல்லியே தம்பி. கழுவவும் இல்ல. சிமென்ட் பாலும் அடிக்கல. எப்படிப் பிடிக்கும்?' என்றார். அவ்வளவுதான். பத்து விநாடியில் தீர்ப்பு!

'என் மொட்டை மாடிக்கும் சரித்திரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது. பழைய கான்கிரீட் மேல் புதுக் கான்கிரீட்டை மெல்லிசாக ஒட்டவைக்க முடியுமா என்ற இதே கேள்விக்கு, அமெரிக்காவில் பெரிய பெரிய இன்ஜினீயர்கள் பல வருஷங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய மொட்டை மாடி கொஞ்சம் பெரிசு. ஆயிரக்கணக்கான மைல் நீளமுள்ள நெடுஞ்சாலைகள்!

முதலில் ஒரு சின்ன ஊருக்குப் போவோம். ஒஹையோ மாநிலத்தில் உள்ள பெல்ஃபவுன்டன். வருஷம் 1891. ஊர் நடுவே கோர்ட் கட்டடம். அதைச் சுற்றி வியாபாரிகளும் விவசாயிகளும் குதிரைகளைக் கட்டுவார்கள். மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. ஜார்ஜ் பார்த்தலோமியூ என்று ஒருவர் அந்த ஊரில் சிமென்ட் தயாரித்துக்கொண்டிருந்தார். 'சிமென்ட், மணல், ஜல்லி மூன்றையும் கலந்து தெருவிலேயே கல்லை வார்த்துத் தருகிறேன்' என்று நகரசபையிடம் போய் நின்றார்.

நகரசபைக்காரர்கள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான். 'அதெல்லாம் சரி, உடைந்து போச்சுன்னா?' என்றார்கள். 'ஐந்து வருஷம் தாங்கும்' என்று சொல்லி, 5,000 டாலருக்கு ஜாமீன் எழுதிக் கொடுத்தார் பார்த்தலோமியூ! அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பத்தின் சொத்து. மெயின் தெருவில் எட்டு அடி அகலத்துக்கு ஒரு பட்டை போட்டுக் காட்டினார். ஜாமீன் பணம் பிழைத்தது. 1893-ல் கோர்ட்டைச் சுற்றியிருந்த தெருவையும் கான்கிரீட்டால் மூடினார்கள். அமெரிக்காவின் முதல் கான்கிரீட் சாலை என்று இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் பெருமையடித்துக்கொள்வது இதைத்தான். கோர்ட் அவென்யூ நூறு வருஷம் தாண்டியும் கிடக்கிறது.

இதில் நம் கதைக்கு வேண்டிய ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பார்த்தலோமியூ அந்த ரோட்டை ஒரே அடுக்காகப் போடவில்லை. கீழே பெரிய ஜல்லி போட்ட நாலு அங்குலக் கான்கிரீட். அது இறுகுவதற்கு முன்பே, மேலே சின்ன ஜல்லி போட்ட இரண்டு அங்குலம். பச்சையாக இருக்கும்போதே போட்டதால் இரண்டும் கலந்து ஒரே கல்லாகிவிட்டது. அதாவது, பச்சை மேல் பச்சை ஒட்டும். அதில் தகராறே இல்லை. ஐம்பது வருஷம் கழித்து, இறுகி, தேய்ந்து, எண்ணெய் குடித்து, உப்பு குடித்துக் கிடக்கிற கிழட்டுக் கான்கிரீட் மேல் பச்சையைப் போட்டால் ஒட்டுமா என்பதுதான் வழக்கு.

இப்போது அயோவாவுக்கு வாருங்கள். அமெரிக்காவின் நட்டநடு மாநிலம். சோளமும் பன்றியும். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? அதைப்போலக் கறுப்பு மண். வெயிலில் புழுதி, மழையில் பசை. 1919-ல் அமெரிக்க ராணுவம், 'நம் வண்டிகள் நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ரோட்டில் போக முடிகிறதா, பார்ப்போம்' என்று வாஷிங்டனிலிருந்து ஸான்ஃபிரான்ஸிஸ்கோவுக்கு ஒரு வாகன வரிசையை அனுப்பியது. போய்ச் சேர 62 நாள் ஆனது! சராசரி வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூடத் தேறாது. வழியில் அயோவாவை அவர்கள் கடந்தது லிங்கன் நெடுஞ்சாலை வழியாக. பெயர்தான் நெடுஞ்சாலை. பெரும்பகுதி வெறும் மண். அந்த வரிசையில் இடுப்பொடியப் பயணம் செய்த 28 வயது ராணுவ அதிகாரி ஒருவர், பிற்பாடு ஜனாதிபதியாகி, 1956-ல் நாடு முழுக்க 'இன்டர்ஸ்டேட்' சாலைகள் போடும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐஸனோவர்!

சேற்றில் அவதிப்பட்டவனுக்குத்தானே ரோட்டின் அருமை தெரியும்? அயோவாக்காரர்கள் கான்கிரீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதில் ஆராய்ச்சியும் செய்தார்கள். 1940-களின் கடைசியில், அந்த மாநில நெடுஞ்சாலைக் கமிஷனின் பரிசோதனைக் கூடத்தில் ஜேம்ஸ் ஜான்ஸன் என்பவர் ஒரு விசித்திரமான மெஷினைச் செய்தார். அதுவரை கான்கிரீட் ரோடு போட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் இரும்புப் பலகை அடிக்க வேண்டும். நம்ம ஊர் சென்ட்ரிங் மாதிரி. கான்கிரீட் இறுகும்வரை அதை எடுக்க முடியாது. ஜான்ஸன், பலகையை மெஷினிலேயே பொருத்திவிட்டார். மெஷின் நகர நகர, பின்னாலிருந்து ரோடு வந்துகொண்டே இருக்கும். முறுக்கு அச்சிலிருந்து ரிப்பன் பக்கோடா வருகிற மாதிரி! 1949-ல் ஓ'பிரையன் கவுன்ட்டியில் நிஜ ரோடே போட்டுக் காட்டினார்கள். இன்றைக்கு உலகம் பூராவும் ஓடுகிற 'ஸ்லிப்ஃபார்ம் பேவர்' அதன் பேரப்பிள்ளைதான்.

பலகை இல்லாமல் கான்கிரீட் ஓரத்தில் சரியாமல் நிற்க வேண்டுமென்றால், அது தளதளவென்று இருக்கக் கூடாது. நம்ம மேஸ்திரிகள் கலப்பது பெரும்பாலும் இட்லி மாவுப் பதம். ஜான்ஸனுக்கு வேண்டியிருந்தது புட்டு மாவுப் பதம். இந்த வறட்டுக் கலவையின் நெளிவுசுளிவு அயோவாக்காரர்களுக்கு அத்துப்படி ஆனது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1960-கள். புது நெடுஞ்சாலைகளில் கனரக லாரிகள் பறக்கின்றன. குளிர்காலம் வந்தால் பனி. பனியைக் கரைக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். சும்மா கைப்பிடி உப்பு இல்லை, டன் டன்னாக. கரைந்த உப்புத்தண்ணீர் பாலங்களின் கான்கிரீட்டுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றது. துருப்பிடித்த கம்பி வீங்கும். வீங்கினால் மேலே இருக்கும் கான்கிரீட்டை நெட்டித் தள்ளும். கட்டி இருபது வருஷம்கூட ஆகாத பாலங்களின் மேல்தளம் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்தது. மொத்தத் தளத்தையும் இடித்துவிட்டுப் புதிதாகப் போடலாம்தான். எத்தனை பாலத்தை இடிப்பது?

இங்கேதான் புட்டு மாவு கை கொடுத்தது. கெட்டுப்போன மேல்தோலை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். மணலைக் காற்றோடு பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்தார்கள். சிமென்ட்டும் மணலும் சமபாகம் கலந்த கூழைத் துடைப்பத்தால் தேய்த்தார்கள். நம்ம வயதான மேஸ்திரி சொன்ன அதே சிமென்ட் பால்! கூழ் காய்வதற்குள் மேலே ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு அந்த வறட்டுக் கான்கிரீட். ஒரு கன மீட்டருக்கு 490 கிலோ சிமென்ட். நம்ம கணக்கில் கிட்டத்தட்டப் பத்து மூட்டை. தண்ணீரோ சிமென்ட் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைக் கையால் பரப்பவே முடியாது. அதிர்வு மெஷினால் அடித்து அடித்துத்தான் இறுக்க வேண்டும். உப்புத்தண்ணீர் உள்ளே போக இண்டு இடுக்கு கிடையாது. இதற்கு 'அயோவா முறை' என்றே பெயர் விழுந்தது. பல மாநிலங்கள் எடுத்துக்கொண்டன.

பாலத்துக்குச் சரி. ரோட்டுக்கு?

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஓடிப்போய்விடாதீர்கள், ஸ்கூல் கணக்குதான். தேய்ந்த ரோட்டின் தடிமன் ஆறு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மேலே இரண்டு அங்குலம் போடுகிறீர்கள். ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனை மூன்று தடவை பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. ஆறு ஆறு ஆறு... 216. இரண்டு இரண்டு இரண்டு... வெறும் 8! புதிதாகப் போட்டது பழசோடு ஒட்டாமல் சும்மா மேலே படுத்திருந்தால், மொத்தம் 224. நீங்கள் செலவழித்த காசுக்கு லாபம் எட்டே எட்டு. அதுவும் அந்த மெல்லிய தகடு லாரி போகிற ஒவ்வொரு தடவையும் தனியாக வளைந்து வளைந்து, ஒரு நாள் நொறுங்கும்.

ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டால்? அது ஆறும் இரண்டும் இல்லை. எட்டு அங்குலத்தில் ஒரே கல். எட்டு எட்டு எட்டு... 512! அதே சிமென்ட், அதே ஜல்லி, அதே கூலி. நடுவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டு மட்டும் விறைப்பை இரண்டு மடங்குக்கும் மேலே தூக்கிவிடுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேலை அடுக்கி வளைத்துப் பாருங்கள். பிறகு பசை போட்டு ஒட்டிக் காயவைத்து வளைத்துப் பாருங்கள். (பிள்ளைகளின் ஸ்கேலாக இருந்தால் அனுமதி வாங்கிக்கொள்ளவும்.)

ஆக, எல்லாமே அந்த ஒட்டில்தான் இருக்கிறது. அது நிலைக்குமா?

1973-ல் அயோவாவின் கிரீன் கவுன்ட்டியில் ஒரு பெரிய பரீட்சை வைத்தார்கள். இடம், பழைய லிங்கன் நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. ஆமாம், ஐஸனோவர் புழுதி குடித்த அதே ரோடு! பின்னாளில் கான்கிரீட் போடப்பட்டு, பிரதான நெடுஞ்சாலை வேறு பக்கம் போய்விட்டதால் கவுன்ட்டி ரோடாக ரிட்டயர் ஆகியிருந்தது. மூன்று மைல் நீளத்தை நாற்பது சொச்சம் துண்டாகப் பிரித்தார்கள். சிலவற்றில் இரண்டு அங்குலம், சிலவற்றில் மூன்று, இன்னும் சிலவற்றில் நாலு, ஐந்து. சிலவற்றைப் பழசோடு ஒட்டினார்கள். சிலவற்றை அரைகுறையாக ஒட்டினார்கள். சிலவற்றை வேண்டுமென்றே ஒட்டாமல் விட்டார்கள். அந்தச் சமயத்தில் கான்கிரீட்டுக்குள் குண்டூசி குண்டூசியாக எஃகு இழை கலப்பது புது ஃபேஷன். பெரும்பாலான துண்டுகளில் அதையும் கலந்தார்கள். 'இழை போட்டால் மெல்லிசாகவே போட்டுத் தப்பித்துவிடலாம்' என்று ஒரு நப்பாசை.

வேலை முடிந்தது அக்டோபர் 1973. தேதியைக் கவனியுங்கள்! அதே மாதம் மேற்கு ஆசியாவில் யுத்தம் வெடித்தது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் பீப்பாய் மூன்று டாலரிலிருந்து பன்னிரண்டு டாலர் பக்கம் எகிறியது. தார் எங்கிருந்து வருகிறது? அதே எண்ணெயிலிருந்து. அதுவரை தேய்ந்த கான்கிரீட் ரோடுகளின் தலையில் தாரை ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திடுக்கிட்டுப் போனார்கள். யாரும் கண்டுகொள்ளாத ஒரு கவுன்ட்டி ரோட்டுப் பரிசோதனை ஒரே மாதத்தில் நாடு கவனிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. திட்டம் போட்டு நடந்ததல்ல. தற்செயல்தான்.

அந்த நாற்பது துண்டுகளையும் ஐந்து வருஷம் கழித்தும், பத்து வருஷம் கழித்தும் போய்ப் பார்த்து மார்க் போட்டார்கள். ஃபேஷன் இழை கலந்தவை ஃபர்ஸ்ட் க்ளாஸ் வாங்கவில்லை. இழையே இல்லாத, நாலு ஐந்து அங்குலத்துக்குத் தடியாகப் போட்ட சாதாரணக் கான்கிரீட்தான் முதல் வரிசையில் நின்றது. இழை போட்டவற்றிலும் இரண்டு அங்குலத்தைவிட மூன்று அங்குலம் தேவலாம். எனக்கு இந்த ரிசல்ட் ரொம்பப் பிடிக்கும். காசு கொட்டி வாங்கிய மசாலாவைவிட, அரிசியும் பருப்பும்தான் சாப்பாடு என்று ரோடே சொல்லிவிட்டது!

அயோவாக்காரர்கள் விடவில்லை. 1976-ல் வாட்டர்லூ நகரத்துக்குப் பக்கத்தில், அமெரிக்க நெடுஞ்சாலை 20-ல் இரண்டே அங்குலம் ஒட்டிப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் கிளேட்டன் கவுன்ட்டியில் இரண்டு முதல் ஐந்து அங்குலம் வரை. அதில், பழைய மேற்பரப்பை எப்படிச் சுத்தம் செய்தால் நன்றாகப் பிடிக்கிறது என்றும் ஒப்பிட்டார்கள். சுரண்டுவதா, மணல் அடிப்பதா, தண்ணீரைப் பீய்ச்சுவதா? 1979-ல் இன்டர்ஸ்டேட் 80-லேயே கை வைத்துவிட்டார்கள். அது கவுன்ட்டி ரோடு இல்லை. கிழக்கையும் மேற்கையும் இணைக்கிற ரத்தக்குழாய்.

ஒட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரோட்டில் உருளையாகத் துளைபோட்டு, பழசும் புதுசும் சேர்ந்தபடியே ஒரு துண்டை எடுப்பார்கள். பிறகு புதுசைப் பிடித்துப் பக்கவாட்டில் நெட்டுவார்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு விசை கொடுத்தும் பிரியக் கூடாது. இதுதான் அயோவா வைத்த பாஸ் மார்க். ஒரு தபால்தலை சைஸ் பரப்பை, நல்ல ஆகிருதியான ஒரு ஆள் தன் முழு எடையையும் போட்டுத் தள்ளுகிற மாதிரி. அதற்குப் பிரிந்துவிட்டால் ஃபெயில்.

1986-ல் இன்னொரு வித்தை. ரோட்டை மூடிவைத்தால் ஜனங்கள் திட்டுகிறார்கள் அல்லவா? பியூனா விஸ்டா கவுன்ட்டியில் நெடுஞ்சாலை 71-ல், சீக்கிரம் இறுகும் சிமென்ட் கலந்து, மேலே போர்வை போர்த்தி (நிஜமாகவே போர்வைதான்! சூடு வெளியேறாமல் இருக்க), 24 மணி நேரத்தில் வண்டிகளை விட்டார்கள். கான்கிரீட் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்கணும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

எல்லாம் வெற்றி மயம் என்று நினைத்துவிடாதீர்கள். டெக்ஸஸுக்குப் போனதும் ஆட்டம் மாறியது.

ஹூஸ்டன் நகரத்தைச் சுற்றி 610 என்றொரு வளையச் சாலை இருக்கிறது. 1983-ல் அதில் ஒரு சின்னப் பகுதியில் இரண்டு, மூன்று அங்குலத்தில் ஒட்டிப் பார்த்தார்கள். பிரமாதமாகப் பிடித்துக்கொண்டது. ஆஹா என்று, சில வருஷத்தில் அதே வளையத்தின் வடக்குப் பக்கம் பெரிய அளவில் இறங்கினார்கள். அங்கங்கே ஒட்டு விட்டுப்போனது! சோதனையில் ஜெயித்து, நிஜத்தில் சறுக்கல். டெக்ஸஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து துருவினார்கள். லாரிகளா காரணம்? இல்லை. முதல் லாரி ஏறுவதற்கு முன்பே, போட்ட ஒன்றிரண்டு நாளிலேயே பிரிவு ஆரம்பித்துவிடுகிறது என்று தெரியவந்தது. குற்றவாளி வெயிலும் காற்றும்.

மெல்லிய கான்கிரீட்டுக்கு உடம்பு முழுக்கத் தோல்தான், சதை கிடையாது. சூடான நாளில், காற்று வீசும்போது போட்டால், மேல்பக்கத்துத் தண்ணீர் சட்டென்று ஆவியாகிவிடும். காய்ந்த பக்கம் சுருங்கும். ராத்திரி குளிர்ந்தால் இன்னும் சுருங்கும். அடிப்பக்கம் பழைய கல்லைப் பிடித்துக்கொண்டிருக்க, மேல்பக்கம் இழுக்க... ஓரங்கள் மேலே தூக்கும். வாழை இலை காய்ந்தால் ஓரம் சுருளுமே, அதே மாதிரி. ஒட்டுக்கு அப்போதுதான் பால்குடி வயசு. விட்டுவிடுகிறது. நம்ம ஊரில் தளம் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோமே, அது சாஸ்திரமல்ல. மெல்லிசான கான்கிரீட்டுக்கு அது உயிர். அமெரிக்காவில் தண்ணீருக்குப் பதிலாக மேலே ஒரு மெழுகுக் கரைசலைத் தெளிப்பார்கள். ஒட்டு ரோட்டுக்கு வழக்கமான அளவைப்போல இரண்டு மடங்கு.

அடுத்த குற்றவாளிதான் ஆச்சரியம். சிமென்ட் பால்! ஒட்டவைக்கிறதற்கென்றே பூசுகிற கூழ், புதுக் கான்கிரீட் வந்து சேர்வதற்குள் வெயிலில் காய்ந்துவிட்டால் என்னாகும்? மாவு மாதிரி ஒரு படலமாகிவிடும். அப்புறம் ஒட்டவிடாமல் தடுப்பதே அதுதான். கல்யாணத் தரகரே கல்யாணத்தைக் கெடுத்த கதை. பழைய பரப்பு போதுமான சொரசொரப்பாகவும், சுத்தமாகவும், காய்ந்தும் இருந்தால் கூழே தேவையில்லை என்று பிற்பாடு பல இடங்களில் அதைக் கைவிட்டார்கள். குட்டிக் குட்டி எஃகுக் குண்டுகளை ரோட்டின்மேல் வேகமாக அடித்து, தூசியை அப்படியே உறிஞ்சிக்கொள்கிற மெஷின் வந்தது. தாறுமாறாகக் கொத்துகிற மெஷின்களைவிட அது நல்லது. கொத்துவதும் அளவுக்கு மீறினால் பழைய கான்கிரீட்டிலேயே மயிரிழை விரிசல் விழுந்துவிடும். ஒட்டு பிடிக்கும், ஆனால் ஒட்டுக்குக் கீழே இருப்பது பெயர்ந்து வரும்!

இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். கான்கிரீட் ரோட்டில் குறுக்கே கோடு கோடாக வெட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்க இடம் கொடுக்கிற இணைப்பு அது. மேலே புதுசு போட்டாலும், கீழே அந்த இணைப்பு அசைந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே புதுசையும் அதே இடத்தில், அடிவரை முழுசாக, மறுநாள் வரை காத்திருக்காமல் வெட்ட வேண்டும். இரண்டு அங்குலம் தள்ளி வெட்டினால் போச்சு. பழைய இணைப்புக்கு நேர் மேலே ரோடு தானாகவே ஒரு கோணல் விரிசலை வரைந்துகொள்ளும். அது மட்டுமா? கீழே இருந்த பழைய விரிசல்களும் மேலே வந்து எட்டிப் பார்க்கும். ஒட்டிக்கொண்டவன் சுகத்தோடு துக்கத்தையும் பங்கு போட்டுக்கொண்டுதானே ஆகவேண்டும்?

இதில்தான் இந்த முறையின் பெரிய சிக்கல் இருக்கிறது. இது சொஸ்தமான ரோட்டுக்கு உண்டான வைத்தியம். மேலே தேய்ந்திருக்கலாம், வழுக்கலாம், லாரிகள் பெருத்துவிட்டதால் தடிமன் பற்றாமல் போயிருக்கலாம். ஆனால் உடம்பு கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளுக்குள்ளேயே ஜல்லி உளுத்துப்போன ரோட்டின்மேல் ஒட்டினால், பொக்கைப் பல்லுக்குத் தங்க மூலாம் பூசுகிற கதைதான். அப்படிப்பட்ட ரோடுகளில் இதைச் செய்து கெட்ட பெயர் வாங்கிக்கொண்ட இடங்கள் உண்டு.

அப்படியானால் ரோடு நன்றாக இருக்கும்போதே காசு செலவழிக்க வேண்டும். எந்த ஊரில் நடக்கும்? 'குழி விழுந்த ரோடெல்லாம் காத்திருக்க, நல்ல ரோட்டுக்கு மேலே எதுக்கய்யா கான்கிரீட்?' என்று கேட்டால், எந்த அதிகாரியால் பதில் சொல்ல முடியும்? பல்வலி வந்த பிறகுதான் நாமே டாக்டரிடம் போகிறோம். என் கணிப்பில், இந்த டெக்னிக் அதன் தகுதிக்கேற்ற அளவு பரவாமல் போனதற்கு வெயிலும் காற்றும் பாதிக் காரணம். மீதிப் பாதி இதுதான்.

ஒட்டு வேண்டாம், வம்பு வேண்டாம் என்று எதிர்த் திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். பழைய ரோட்டின்மேல் மெல்லிசாகத் தார் அல்லது ஒரு கனமான துணியை விரித்து, அதன்மேல் தடியாகக் கான்கிரீட் போட்டுவிடுவது. ஜெர்மனியில் பழகிய இந்தத் துணி வித்தையை 2008-ல் மிஸௌரி மாநிலத்தில் செய்தார்கள். கீழே இருப்பவனின் விரிசல் மேலே வராது. ஆனால் இரண்டு அங்குலமெல்லாம் செல்லாது. புதுசு தன் சொந்தக் காலில் நின்றாக வேண்டும்.

நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது இந்தக் குடும்பத்தின் இன்னொரு உறவு. தார் ரோட்டின் மேலேயே கான்கிரீட்டை ஒட்டுவது. 1991-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில், குப்பைக் கிடங்குக்குப் போகும் சாலையில், குப்பை லாரிகளை நாள்பூரா ஓடவிட்டு, இரண்டு அங்குலமும் மூன்றரை அங்குலமும் எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாங்கியது. 'வைட் டாப்பிங்' என்ற பெயரில் அது ஊர் ஊராகப் பரவியது. 2008-ல் இந்திய சாலைகள் காங்கிரஸ் அதற்கு வழிகாட்டி வெளியிட்டது. பெங்களூருக்குப் போய் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பெயரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை!

கடைசியாக ஒன்று. ரோட்டைத் துளைபோட்டுப் பரிசோதிப்பதைச் சொன்னேன். ரோடு முழுக்கத் துளைபோட முடியுமா? அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கருவியைக் கேட்டால் சிரிப்பீர்கள். சங்கிலி! ஒரு கம்பியின் நுனியில் நாலைந்து இரும்புச் சங்கிலியைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு ஆள் ரோட்டின்மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டே நடப்பார். ஒட்டியிருக்கும் இடத்தில் கணீரென்று சத்தம். விட்டுப்போன இடத்தில் பொத்தென்று ஒரு பொக்கைச் சத்தம். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு மேலே நடப்பார். சந்தையில் நம் பாட்டிகள் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவார்களே, அதே டெக்னாலஜி!

படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? பழைய சைக்கிள் செயின் ஒன்றை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். பெயர்ந்தது போக மிச்சமிருந்த ஓரங்களில் இழுத்துப் பார்த்தேன். போகிற இடமெல்லாம் பொக்கைச் சத்தம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இரண்டடிக்கு இரண்டடி இருக்கும், ஒரே ஒரு இடத்தில் மட்டும் கணீரென்றது. சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. யோசித்துப் பார்த்ததில்தான் ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் பைப்பை மாற்ற வந்த பிளம்பர் தரையை உளி வைத்துக் கொத்திப்போட்டுவிட்டு, மூடாமலே போய்விட்டிருந்த இடம் அது. அன்றைக்கு அவரை என்னென்ன திட்டினேன் தெரியுமா!